காட்டு வழிக்கு ஒரு வண்டி: குடும்பத்துக்கு எது ஏற்றது?

குதிரையைப் போல் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். மோட்டார் சைக்கிளைப் போல் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஆனால், காரைப் போல் நான்கு சக்கரம்!

சேறா? ஏறிப் போகும். மணலா? புதையாமல் போகும். கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையா? உருண்டு தாண்டும்.

அமெரிக்காவில் இந்த வண்டியை "ஏ.டி.வி." என்று அழைக்கிறார்கள். "எந்தத் தரையிலும் ஓடும் வண்டி" என்பது பொருள். ஆஸ்திரேலியாவில் இதற்கு "குவாட் பைக்" என்று பெயர்.

அமெரிக்க விவசாயி இதில் வைக்கோல் ஏற்றுகிறார். வேலி பழுது பார்க்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவி, மக்களோடு காட்டுப் பாதையில் உல்லாசமாகப் போகிறார்.

ஆனால், இந்த வண்டிக்கு இன்னொரு முகமும் உண்டு.

அமெரிக்காவில் இந்த வகை வண்டிகளால் ஆண்டுதோறும் சுமார் 1 லட்சம் பேர் காயம் அடைந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழக்கிறார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

ஆகவே, குடும்பத்துக்காக வண்டி வாங்குகிறவர் நிறத்தையும் வேகத்தையும் பார்த்தால் போதாது. எப்படித் தேர்ந்து எடுக்க வேண்டும்? பார்ப்போம்.

பிறந்த கதை

ஜப்பான் நாட்டு ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்று வந்தது. பனிக்காலம் வந்தால் வியாபாரம் படுத்துவிடும். "பனிக்காலத்திலும் விற்க ஒரு வண்டி கொடுங்கள்" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள்.

ஒசாமு டாகெயுச்சி என்ற என்ஜினீயரிடம் அந்த வேலை வந்தது. அவர் இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்தார். கடைசியில் மூன்று சக்கரமே சரி என்று முடிவு செய்தார். பலூன் போல் உப்பிய டயர்களைப் பொருத்தினார்.

1970-ம் ஆண்டு அந்த மூன்று சக்கர வண்டி விற்பனைக்கு வந்தது. அதில் ஸ்பிரிங் கிடையாது. டயர்களே ஸ்பிரிங் வேலையைச் செய்தன. 1971-ல் வெளிவந்த ஜேம்ஸ்பாண்டு படத்திலும் அந்த வண்டி ஓடியது!

மூன்று நான்கான காரணம்

மூன்று சக்கர வண்டி பார்க்க அழகாக இருந்தது. ஆனால், திருப்பத்தில் எளிதில் கவிழ்ந்தது. விபத்துகள் பெருகின. பலர் இறந்தார்கள்.

இதற்கிடையே 1980-களின் தொடக்கத்தில் சுசுகி கம்பெனி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1986-ல் ஹோண்டா, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியை வெளியிட்டது.

1988-ல் அமெரிக்க அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் கோர்ட்டில் உடன்பாடு ஏற்பட்டது. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அத்தோடு நின்றது.

இன்றும் அங்கே பழைய மூன்று சக்கர வண்டிகள் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. குடும்பத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

பகை தந்த பெயர்

மேற்கு வர்ஜீனியா, நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலை நாடு. 19-ம் நூற்றாண்டில் அங்கே ஒரு குடும்பப் பகை மூண்டது. ஆற்றின் ஒரு பக்கம் ஹாட்பீல்டு குடும்பம். மறு பக்கம் கென்டக்கி மாநிலத்தில் மெக்காய் குடும்பம். பல ஆண்டுகள் வெட்டும் குத்தும் துப்பாக்கிச் சூடுமாக நடந்தது.

இன்று அந்த மலைகளில் உள்ள வண்டிப் பாதைகளுக்கு "ஹாட்பீல்டு-மெக்காய் பாதைகள்" என்று பெயர். 2000-ம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பாதைகளின் மொத்த நீளம் இப்போது 1,000 மைலுக்கு மேல்.

அங்கே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும். ஒருவர் ஓட்டும் வண்டியில் இன்னொருவரை ஏற்றக் கூடாது.

இந்த மூன்றாவது விதியில்தான் குடும்பத்தலைவருக்கு முதல் பாடம் இருக்கிறது.

எத்தனை பேர் போகிறீர்கள்?

பெரும்பாலான ஏ.டி.வி.க்கள் ஒருவர் மட்டும் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. இருக்கை நீளமாகத்தான் இருக்கும். "இன்னும் ஒருவர் உட்காரலாமே" என்று தோன்றும். அந்த நீளம் இரண்டாவது ஆளுக்காக வைத்தது அல்ல.

மேட்டில் ஏறும்போது ஓட்டுகிறவர் முன்னால் சாய வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் நகர வேண்டும். திருப்பத்தில் உள்பக்கம் சாய வேண்டும். அவருடைய உடம்பு நகர்ந்தால்தான் வண்டி நிலையாக நிற்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நகர இடம் ஏது? வண்டியின் பின்பாரமும் கூடும். மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கிவிடும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போகவேண்டும் என்றால் இருவருக்கென்றே செய்த வண்டி உண்டு. அதன் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம் அதிகம். பின்னால் தனி இருக்கை, சாய்மானம், கைப்பிடி எல்லாம் இருக்கும்.

பிள்ளைகளும் வருவார்கள் என்றால் "சைடு பை சைடு" என்ற வண்டி இருக்கிறது. இதில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஸ்டீரிங் உண்டு. பெல்ட் உண்டு. தலைக்கு மேல் இரும்புக்கூடு உண்டு. இரண்டு பேர், நான்கு பேர், ஆறு பேர் போகும் வண்டிகள் கிடைக்கின்றன.

ஆனால், ஒரு நிபந்தனை. முதுகு இருக்கையில் சாய்ந்திருக்க, பாதம் தரையில் பதிய வேண்டும். கைப்பிடி எட்ட வேண்டும். கால் எட்டாத குழந்தையை அதிலும் ஏற்றக் கூடாது. பெல்ட் போடாவிட்டால் இரும்புக்கூட்டால் பயன் இல்லை. கவிழும்போது ஆள் வெளியே விழ, அந்தக் கூடே அவர் மேல் விழும்.

பாதையை அளந்து பாருங்கள்

வண்டி வாங்கும் முன் பாதையை விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அரசாங்கக் காடுகளில் பல பாதைகளுக்கு 50 அங்குலம்தான் அகலம். அதைவிட அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை. சாதாரண ஏ.டி.வி. அதில் போகும். 60 அங்குலம், 64 அங்குல அகலமுள்ள சைடு பை சைடு வண்டி போகாது.

ஆசையோடு வாங்கி, பாதை வாசலில் திரும்பி வரலாமா? முதலில் எங்கே ஓட்டப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

என்ஜின் எவ்வளவு?

"பெரிய என்ஜின் நல்ல என்ஜின்" என்று பலர் நினைக்கிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும்!

புதிதாகப் பழகும் பெரியவருக்கு 250 முதல் 300 சி.சி. போதும். காட்டுப் பாதையும் தோட்ட வேலையும் சேர்ந்து வேண்டும் என்றால் 400 முதல் 600 சி.சி. வரை தாராளம். 700, 1,000 சி.சி. வண்டிகள் கைதேர்ந்தவர்களுக்கு உரியவை. லேசாக விசையை அழுத்தினாலே சீறிப் பாயும்.

ஓட்டப் பந்தய வகை வண்டிகளும் உண்டு. அவை இலேசானவை, வேகமானவை. ஆனால், சாமான் வைக்க இடம் இல்லை. பெரும்பாலும் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். குடும்பத்துக்கு ஏற்றது, முன்னும் பின்னும் சாமான் தட்டு வைத்த வேலைக்கார வண்டிதான்.

கவனிக்க வேண்டியவை

கியர்: தானியங்கி வண்டியில் கியர் மாற்றும் தொல்லை இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பெல்ட் ஓடும். வேகத்துக்கு ஏற்பக் கப்பிகள் விரியும், சுருங்கும். பழகுவது எளிது. ஆனால், ஆழமான தண்ணீரில் இறங்கி பெல்ட் நனைந்தால் வழுக்கும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது இந்த வண்டிக்கும் பொருந்தும்!

நாலு சக்கர இழுப்பு: சேறு, பனி, செங்குத்தான மேடு இருந்தால் இது அவசியம். வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்கத்தில் பிடிப்பு: மலை இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு உண்டு. மலைப் பாதைக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஸ்பிரிங்: பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் வண்டியில் குலுக்கல் குறைவு. நாள் முழுவதும் போகிறவர்களுக்கு இடுப்பு வலி மிச்சம்.

டயர்: கார் டயருக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்று வேண்டும். இதற்கு வெகு குறைவு. பெரும்பாலும் 10 பவுண்டைக்கூட எட்டாது. பொது அளவுமானி சரியாகக் காட்டாது. குறைந்த அளவைக் காட்டும் தனி மானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தார் ரோடு ஆகாது

"எந்தத் தரையிலும் ஓடும்" என்று பெயர் இருந்தாலும் தார் ரோடு மட்டும் இதற்கு ஆகாது.

பல வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுழல்கின்றன. மண்ணில் திரும்பும்போது ஒரு சக்கரம் சறுக்கி வழிவிடும். தார் ரோட்டில் சறுக்காது, பிடித்துக்கொள்ளும். வண்டி நினைத்தபடி திரும்பாது. வேகத்தில் திருப்பினால் கவிழும். சாவு விபத்துகளில் பெரும்பங்கு ரோடுகளிலேயே நடக்கிறது.

கவிழ்ந்தால் என்ன ஆகும்?

பெரியவர்கள் ஓட்டும் வண்டியின் எடை சுமார் 300 கிலோ. அது மேலே விழுந்தால் அடியில் அகப்பட்டவரால் தூக்க முடியாது. மார்பு நசுங்கி மூச்சு நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் இப்படிப் பலர் இறந்தார்கள். அந்த நாட்டு அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் முதல், அங்கே விற்கும் புதிய பண்ணை வண்டிகளில் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்பு வளைவு இருக்க வேண்டும். எத்தனை டிகிரி சாய்ந்தால் கவிழும் என்ற சீட்டும் ஒட்டியிருக்க வேண்டும். சில பெரிய கம்பெனிகள் இதை ஏற்காமல் அந்த நாட்டில் விற்பனையையே நிறுத்திவிட்டன.

பிள்ளைக்கு எந்த வண்டி?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

"சின்ன வண்டி எதற்கு? இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவான். பெரியதாகவே வாங்கிவிடலாம்" என்று தகப்பனார் கணக்குப் போடுகிறார். சட்டை வாங்கும்போது அந்தக் கணக்கு சரி. வண்டி வாங்கும்போது சரி இல்லை.

300 கிலோ வண்டியைத் தன் உடம்பைச் சாய்த்து நிலைநிறுத்த 40 கிலோ பையனால் முடியாது. பிரேக்கு விரலுக்கு எட்டாது. ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்யும் பக்குவமும் வந்திராது.

16 வயது நிரம்பாதவர்கள் பெரியவர்கள் வண்டியை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் கம்பெனிகளின் எச்சரிக்கை. ஒவ்வொரு வண்டியிலும் அது ஒட்டப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கான வண்டிகள் வயதுவாரியாக விற்கப்படுகின்றன. 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வண்டி மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓடாது. 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வண்டிக்கு 30 மைல் எல்லை. இன்னும் வேகத்தைக் குறைத்து வைக்கப் பெற்றோருக்கு ஒரு திருகாணி உண்டு. பிள்ளை பழகப் பழக அதைத் தளர்த்தலாம்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் இதைவிடக் கண்டிப்பானது. "16 வயதுவரை எந்த ஏ.டி.வி.யும் வேண்டாம்" என்பது அவர்கள் வாக்கு. பெற்றோர்கள் இரண்டையும் கேட்டு, தங்கள் பிள்ளையின் குணத்தையும் எண்ணி முடிவு செய்ய வேண்டும். சொன்ன சொல் கேட்காத பிள்ளைக்கு வயது வந்தாலும் வண்டி கொடுக்க வேண்டாம்!

பழைய வண்டியா?

பழைய வண்டி வாங்குவதில் தவறு இல்லை. ஆனால், சோதித்து வாங்க வேண்டும்.

சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். லொட லொட என்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வேக விசையை அழுத்தி விடுங்கள். உடனே திரும்ப வேண்டும். மாட்டிக்கொண்டால் ஆபத்து. அடியில் படுத்துப் பாருங்கள். சட்டம் வளைந்திருந்தாலோ, புதிதாகப் பற்றவைத்த தழும்பு இருந்தாலோ, வண்டி எங்கோ உருண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி விலையோடு செலவு முடியாது. ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ், வண்டியை ஏற்றிப் போகும் டிரெய்லர், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பணம் போதாவிட்டால் வண்டியைச் சிறியதாக்குங்கள். ஹெல்மெட்டைக் குறைக்காதீர்கள்.

பயிற்சிப் பள்ளிகளும் அமெரிக்காவில் இருக்கின்றன. ஒரு நாளில் சாய்வது, நிறுத்துவது, மேடு ஏறுவது எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்து கற்பது நல்லது.

யார் ஓட்டுவது, எங்கே ஓட்டுவது, எத்தனை பேர் போவது என்ற மூன்று கேள்விகளுக்கும் வீட்டிலேயே பதில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாற மாட்டார். காலையில் காட்டுக்குப் போன குடும்பம், மாலையில் சேறும் சிரிப்புமாக முழுசாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு உதவுவதே நல்ல வண்டி!