தலைப்பிரசவமும் தாயின் நினைவும்

பிறப்பு பதிவு செய்யப்படாத இல்லங்களில் தாயின் நினைவே பதிவேடாகும். தலைப்பிரசவம் நிகழ்ந்த இடம், உடனிருந்த மருத்துவச்சி, அன்று பெய்த மழை ஆகியவற்றை அவள் நெடுங்காலம் மறப்பதில்லை. ஆயின், ஆண்டையும் திங்களையும் திட்டமாகக் கூற இயலாமற் போவதுண்டு. அவ்விடத்துப் பண்டிகை, அறுவடை, வெள்ளம், தேர்தல் முதலியவற்றோடு ஒப்பிட்டுக் காலத்தை வரையறுத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய பிழை வேறொன்றுண்டு. “குழந்தைகள் எத்தனை?” என்று மட்டும் வினவினால், தாய்மார் பலர் உயிருடன் இருப்போரையே எண்ணிக் கூறுவர். பிறந்த சில நாட்களில் மறைந்த தலைப்பிள்ளை கணக்கில் விடுபட்டுவிடும். அதனால் சிசு மரண விகிதம் உண்மையினும் குறைவாகத் தோன்றும். உதவி தேவைப்படும் இடமும் புலப்படாது.

ஆகவே, 1992-93-இல் முதன்முறையாக நடத்தப்பெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வில், உடன் வாழும் மக்கள், வேற்றிடத்தில் வாழும் மக்கள், இறந்த மக்கள் எனத் தனித்தனியே வினவப்பட்டது. எவரும் இறக்கவில்லை என்று தாய் கூறினும், பிறந்து அழுதபின் சில மணி நேரமே வாழ்ந்த குழந்தை உண்டா எனப் பின்னும் கேட்பது முறை. களப்பணியாளர் இதனை அயலார் இல்லாத வேளையில் கனிவுடன் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் கடமை என்பதை ஆசிரியர்கள் பெற்றோருக்கு எடுத்துரைப்பார்களாக. பெயரிடப்படுமுன் மறைந்த குழந்தைக்கும் பிறப்பு, இறப்பு ஆகிய இரண்டையும் பதிவு செய்தல் வேண்டும்.