படம் இல்லாமல் கேட்டவர்கள்

சினிமா இசையைப் படத்திலிருந்து பிரித்துத் தனியே கேட்டு ரசிப்பது ஹெட்போன் வந்த பிறகு பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வந்த பழக்கம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கோவில்பட்டிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கரிசல் காட்டு ஊர்களில் ரேடியோ செட் வந்த காலத்திலிருந்தே சினிமா இசை படம் இல்லாமல்தான் காதுக்கு வந்தது. கோயில் கொடை என்றாலும் கல்யாணம் என்றாலும் முதல் வேலை, வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது. பருத்திக் காட்டில் நின்று அதைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை.

1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யின் ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை, ஆபேரி ராகம், எஸ். ஜானகியின் குரல். திரையில் நாதஸ்வரத்தோடு நிற்பவர் ஜெமினி கணேசன். ஆனால் இந்த வட்டாரத்தின் காதுக்கு அந்த நாதஸ்வரம் எப்போதும் காருகுறிச்சி அருணாசலம்தான். கோவில்பட்டியில் வீடு கட்டி வாழ்ந்தவர் அவர். படம் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1964-இல், மறைந்துவிட்டார். அவர் ஊதியது மட்டும் இன்றும் மரத்து உச்சியிலிருந்து இறங்கி வருகிறது.

அப்படி இறங்கி வருவதிலேயே ஓர் அறிவியல் இருக்கிறது. பகலில் அடுத்த தெருவுக்கே மங்கலாகக் கேட்கும் பாட்டு, ராத்திரி இரண்டு ஊர் தாண்டித் தெளிவாகக் கேட்கும். ஊர் அடங்கிவிட்டதால் என்று சொல்வோம். அது பாதிக் காரணம். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 0 டிகிரியில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர். 35 டிகிரியில் சுமார் 352 மீட்டர். கரிசல் மண் கறுப்பு. வெயிலை அப்படியே குடிக்கும். உச்சிவெயிலில் தரையை ஒட்டிய காற்று கொதித்துக் கிடக்க, மேல்காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் ஒலி அலையின் அடிப்பக்கம் வேகமாகவும் மேல்பக்கம் மெதுவாகவும் போகிறது. ஏரில் பூட்டிய சோடியில் ஒரு மாடு முந்தினால் ஏர் மற்ற மாட்டின் பக்கம் திரும்புமே, அதேபோல ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமில்லாத ராத்திரியில் எல்லாம் தலைகீழ். மண் தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிட, தரைக்காற்று குளிர்ந்து, மேல்காற்று வெதுவெதுப்பாக நிற்கும். வானத்துக்குப் போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடி மண்ணுக்கே வருகிறது. மரம் குறைந்த, மேடு பள்ளம் குறைந்த இந்தப் பூமியில் அதை மறிக்கவும் அதிகம் ஒன்றுமில்லை.

குழாய் எல்லாவற்றையும் கொண்டுவராது. மணிக்குரலையும் நாதஸ்வரத்தையும் விரட்டிவிரட்டி அனுப்பும் அந்தக் கருவிக்குச் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே திராணி இல்லை. செல்லோவின் ஆழமும் டபுள் பாஸின் முழக்கமும் அதில் ஏறக்குறைய செத்துவிடுகின்றன. இருந்தும் அந்தக் கீழ்ச் சுரங்களின் சுருதி நமக்குக் கேட்கிறது. 100 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி அதிர்ந்தால் அதோடு 200, 300, 400, 500 என்று மேல்சுரங்களும் பிறக்கின்றன. குழாய் கீழே உள்ளவற்றை விழுங்கிவிட்டாலும், மிஞ்சிய 300, 400, 500-க்கு இடையே 100, 100 என்று சீரான இடைவெளி இருப்பதை மூளை கவனித்துவிடுகிறது. இவை 100-இன் பிள்ளைகள் என்று முடிவுகட்டி, வராத சுரத்தின் சுருதியை நமக்குக் கேட்கச் செய்கிறது. செல்போனில் பேசும்போது அப்பாவின் கட்டைக்குரல் அப்பாவின் குரலாகவே கேட்பதும் இதனால்தான்.

சிங்கார வேலனேயில் குரலும் நாதஸ்வரமும் சுரம் பாடி மாறிமாறிப் பதில் சொல்லும் இடத்தைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்னொரு முறை வேறொன்றுக்காகக் கேளுங்கள். நாதஸ்வரம் கோயில் வெளியிலும் தேரோடும் வீதியிலும் வாசிக்கப் பிறந்த கருவி. நாணலில் செய்த சீவாளியின் இரண்டு இதழ்களும் படபடவென அடித்துக்கொள்ள, கீழே போகப்போக அகலும் கூம்புக் குழல் அதை முழக்கமாக்குகிறது. கூம்பு வடிவம் என்பதால் மேல்சுரங்கள் ஒன்று விடாமல் பிறக்கின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அவை நிறைத்துவிடும். அதன் பக்கத்தில் மைக் இல்லாமல் ஒரு பெண் பாடினால் குரல் எங்கே கேட்கப்போகிறது? இரண்டும் சமமாக நின்று பேசிக்கொள்வது மைக்கும் ஒலிப்பதிவும் சேர்ந்து உண்டாக்கிய அதிசயம். இயற்கையில் அப்படி ஒரு கச்சேரி கிடையாது. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் எல்லாரும் சுருதி சேர்க்கக் காத்திருக்கும் ஓபோவும் இரட்டை நாணலும் கூம்புக் குழலும் கொண்டதுதான். நாதஸ்வரத்துக்குச் சின்னத் தங்கை.

ஆர்கெஸ்ட்ரா என்றாலே ஏதோ தூர தேசத்துச் சரக்கு என்று இங்கே யாரும் ஒதுங்க வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கி.மீ. கிழக்கே எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும், அவருடைய சமாதி இருப்பதும் அந்த ஊரில். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அவர் தத்தெடுத்து வளர்த்த சுப்பராம தீட்சிதர், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சேற்றினார். கமகங்களுக்குக்கூடக் குறியீடு வகுத்து, வாயால் வந்த இசையைத் தாளில் இறக்கிய பெரும் நூல் அது. ஆர்கெஸ்ட்ராவுக்கு வேண்டியவை இரண்டு: வில் போட்டு வாசிக்கும் தந்திகள், எல்லாரும் ஒன்றாகப் பார்த்து வாசிக்க எழுதிய சுரங்கள். இரண்டோடும் இந்த மண்ணுக்கு உறவு உண்டு.

ஒரு வயலினுக்குப் பதில் பத்து வயலின் வைத்தால் சத்தம் பத்து மடங்காகக் கேட்காது. அளவில் 10 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகவே தெரியும். பிறகு எதற்காக அத்தனை பேர்? எவ்வளவு தேர்ந்த கலைஞர்களானாலும் பத்துப் பேருடைய சுருதியும் வில் தொடும் நொடியும் இம்மி அளவு வேறுபடும். அந்த இம்மிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தனி வயலினுக்கு இல்லாத பட்டுப் போன்ற அகலத்தைத் தருகின்றன.

இவ்வளவும் வந்து சேரும் இடமோ, ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத செவிப்பறை. அது முன்னும் பின்னும் மட்டுமே அசையும். நாற்பது கருவிகள் ஒலித்தாலும் அங்கே ஓர் அசைவுதான். அதற்குப் பின்னால், உட்காதில், சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வு அந்த அசைவைச் சுரவாரியாகப் பிரிக்கிறது. ஒரு முனை கீச்சுக்கு, மறுமுனை முழக்கத்துக்கு. பிரித்ததை மூளை மறுபடி கோக்கிறது. ஒரே நொடியில் தொடங்கியவை ஒரு கருவி. சேர்ந்து நடுங்குபவை ஒரு கருவி. நாதஸ்வரத்தின் துத்துகாரத் தொடக்கத்தை, அதாவது நாக்கால் தட்டி எழுப்பும் முதல் ஒலியை, வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டால், பழகிய காதுகூடத் தடுமாறும். ஆல்பர்ட் பிரெக்மன் என்ற கனடா நாட்டு உளவியலாளர் 1990-இல் இந்த வேலையை விளக்கி ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

படம் பார்க்கும்போது இந்த வேலைக்கு இடைஞ்சல் அதிகம். வசனம் வந்தால் இசையைத் தணித்துவிடுகிறார்கள். தணியாத இடத்திலும், ஒரே சுரப்பகுதியில் உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைக்கும். கண்ணும் குறுக்கே நிற்கிறது: கண்ணுக்குக் கடினமான வேலை கொடுத்தால் காதில் விழும் ஒலியைப் பலர் கவனிக்காமலே போகிறார்கள் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் சோதித்துக் காட்டினார்கள். சண்டைக் காட்சியில் எட்டு வயலின்கள் செய்யும் மாயத்தை நாம் கேட்காமல் விடுவது அலட்சியத்தால் அல்ல.

வசனமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1987-இன் ‘பேசும் படம்’ இருக்கிறது. எல். வைத்தியநாதனின் இசை அதில் ஒளிய இடமில்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் தனி ஆல்பமாக, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கிற்கும் காணிக்கையாக வந்தது. பாலு மகேந்திரா அதை ‘வீடு’ படத்துக்குப் பின்னணி இசையாக எடுத்துக்கொண்டார். படத்துக்காக எழுதாத இசை படத்தைத் தாங்கியது. படம் இல்லாமலும் தன் காலில் நிற்கிறது. நல்ல பின்னணி இசைக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான். கத்தி வீசும்போது ஒரு ‘டமார்’, கதவு திறந்தால் இன்னொரு ‘டமார்’ என்று காட்சிக்குக் காட்சி குதிக்கும் இசை தனியே கேட்டால் உதிர்ந்துபோகும். ஒரு சிறு மெட்டை எடுத்து, கருவி மாற்றி, வேகம் மாற்றி, படம் முடியும்வரை வளர்த்துக்கொண்டே போகும் இசை உதிராது.

கேட்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். முதல் தடவை கீழ்த்தந்திகளை மட்டும் பின்தொடருங்கள்; மெட்டை விட்டுவிடுங்கள். அடுத்த தடவை நடுவில் நடக்கும் வயலின்களைப் பிடியுங்கள். சின்ன ஸ்பீக்கராக இருந்தாலும் பரவாயில்லை, மூளை பார்த்துக்கொள்ளும்.

கேட்பதற்கு இசை கிடைக்க வேண்டுமே என்பதுதான் குறை. அண்மைக் காலமாகச் சில படங்களின் பின்னணி இசை தனி ஆல்பமாக வெளிவருகிறது. 1970, 80-களின் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது நடக்கவில்லை. ரசிகர்கள் வசனத்தோடு சேர்த்து வெட்டி எடுத்துத்தான் கேட்கிறார்கள். ரீ-ரெக்கார்டிங் நாடாக்களை இன்னும் வைத்திருக்கும் தயாரிப்பாளர்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அவை பூஞ்சை பிடித்து அழியுமுன் டிஜிட்டலில் ஏற்றி, வாசித்த கலைஞர்களின் பெயர்களோடு வெளியிட வேண்டும்.