மாதிரி விமானமும் வார்னிஷ் பூச்சும்

மாதிரி விமானம் அமைப்போரின் பல வார உழைப்பு கைகூடுவதும் கைநழுவுவதும் இறுதியிற் பூசும் வார்னிஷிலேயே தங்கியுள்ளது. 1936ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்த ஸ்பிற்பயர் விமானத்தை 72இல் ஒரு பங்காக அமைத்தால், அதன் இறக்கைவீச்சு ஏறக்குறைய 6 அங்குலமே. அதன்மீது 0.1 மில்லிமீற்றர் தடிப்பிற் படியும் பூச்சு, உண்மை விமானத்தில் 7 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புக்கு ஒப்பாகும். ஆகவே, மெல்லிய பூச்சே வேண்டற்பாலது.

மழைக்காலத்தில் தெளித்துப் பூசிய இலாக்கர் வகை வார்னிஷ், சிலபோது மூடுபனி படர்ந்தாற்போல் வெளிறிவிடும். காரணம் யாது? கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்புக் குளிர்கின்றது. காற்றிலுள்ள ஈரலிப்பு நுண்துளிகளாக அதன்மீது படிந்து சிக்கிக்கொள்கின்றது. இதனைச் சுரண்டலாகாது. ஈரலிப்புக் குறைந்த நாளில், அதே வகைக்குரிய, மெதுவாக ஆவியாகும் கரைப்பானை இலேசாகத் தெளித்தால், பூச்சு இளகி ஈரம் வெளியேறும், தெளிவு மீளும்.

மினுக்கமற்ற வார்னிஷ் வெளிறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒளியைச் சிதறச்செய்யும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் போத்தலின் அடியிற் தங்கியிருக்கும். நன்கு கலக்காதுவிடின் அவை திட்டுத்திட்டாகப் படியும். அவ்விடத்தில் மினுக்க வார்னிஷை மெல்லெனப் பூசின், துகள்களின் இடைவெளிகள் நிரம்பி வெண்மை மறையும். அது உலர்ந்தபின் மினுக்கமற்ற வார்னிஷை மீண்டும் பூசலாம்.

எப்பூச்சையும் முதலில் உதவாத துண்டொன்றிற் பூசிப் பார்த்தல் நன்று.