உங்களுக்குத் தெரியுமா? கையெழுத்தாகப் பறந்த பட்டாம்பூச்சி!

அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் (1834–1903), 1880களில் செல்சியா பகுதியின் மீன் கடை, கந்தல் துணிக் கடைகளையெல்லாம் உலோகத் தகட்டில் கீறி அச்சிட்டார். பெரும்பாலானவற்றில் ஆண்டு போடவில்லை. பட்டியல் போடுபவர்களுக்குத் தலைவலிதான்!

கைகொடுப்பது அவரது பட்டாம்பூச்சிக் கையெழுத்து. அதன் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால், அதைப் பார்த்தே ஆண்டை ஏறக்குறைய கணிக்கலாம். கடிதங்களும் விற்பனைக் கணக்குகளும் மீதியைச் சொல்லும். எட்வர்ட் கென்னடி தொகுத்த பட்டியல் 1910இல் வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் விரிவான பட்டியல் 2012இல்.

இன்னொரு வேடிக்கை: கண்ணால் கண்டபடியே நேராகத் தகட்டில் வரைவது அவர் வழக்கம். அச்சில் இடம் வலமாகிவிடும். எந்தக் கடை என்று பழைய புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டுமா? ஓவியத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்க வேண்டும்!