மண்ணுக்குள் மறையும் வடம்

மின்சாரத்தின் துணைகொண்டு தொலைவிடங்களுக்குச் செய்தி அனுப்ப மனிதன் கற்றுக்கொண்ட நாள் முதல், அதற்குரிய கம்பியை உயரே தொங்கவிடுவதா, மண்ணில் புதைப்பதா என்னும் வினா இருந்துகொண்டே வருகிறது. உயரே தொங்கும் கம்பியைக் காற்று அலைக்கழிக்கும், வெயில் காய்ச்சும், மரக்கிளை முறிந்து விழுந்து அறுக்கும். மண்ணுக்குள் இருக்கும் கம்பிக்கு இத்தொல்லைகள் இல்லை. ஆயின், அதற்கு வேறொரு குறை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது என்பது போலவே, அதற்கு நேரும் பழுதும் கண்ணுக்குத் தெரியாது. புதைப்பதில் உள்ள நன்மையும் தீமையும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

இவ்வினாவை இன்றும் தம் வீட்டுத் தோட்டத்தில் எதிர்கொள்பவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். ஊதியம் கருதாது, அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்று, தம் சொந்தக் கருவிகளால் உலகின் பிற பகுதியினரோடு வானொலி வழி உரையாடுவோர் இவர்கள். மலேசியத் தீபகற்பத்தில் உரிமம் பெற்றோரின் அழைப்புக்குறி 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்றும், சிங்கப்பூரில் 9வி1 என்றும் தொடங்கும். இது பொழுதுபோக்குத்தான், ஆனால் வெறும் பொழுதுபோக்கு அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போன வேளையில், போர்ட் பிளேரில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர் வானொலியாளர்களே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினர். அத்தகைய நாளில் நிலையம் பேச வேண்டுமானால், அதன் கருவிக்கும் வான்கம்பிக்கும் இடையிலுள்ள வடம் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

ஓரச்சு வடத்தின் அமைப்பு

ஏரியல் என்றும் ஆன்டெனா என்றும் சொல்லப்படும் வான்கம்பி வீட்டினின்றும் சற்று விலகி, உயரமான இடத்தில் நிற்பதே நன்று. கருவியிலிருந்து அதுவரை மின்னலைகளைக் கொண்டு செல்வது கோஆக்சியல் கேபிள். இதனைத் தமிழில் ஓரச்சு வடம் என்பர். தேர்வடம் என்னும் சொல்லில் உள்ள வடமே இது. நடுவில் ஒரு செப்புக்கம்பி; அதைச் சுற்றி மின்காப்புப் பொருள்; அதற்கு மேல் செம்பினால் பின்னிய உறை; எல்லாவற்றிற்கும் மேலே நெகிழி மேற்றோல். நடுக்கம்பியும் செம்புப் பின்னலும் ஒரே அச்சைப் பொதுவாகக் கொண்டமையால் இப்பெயர் வந்தது. ஆங்கில அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு 1880ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் எஸ்பன்ஷீடு, ஆஃபெல் என்னும் இருவர் 1929இல் விண்ணப்பித்து 1931இல் பெற்ற காப்புரிமைக்குப் பின்னரே இது பெரும் பயனுக்கு வரலாயிற்று.

எல்லாக் கம்பிகளையும் மண்ணில் புதைக்க இயலாது. ஏணி போன்று இணையாகச் செல்லும் இரு கம்பிகளில் மின்புலம் அவற்றைச் சுற்றியுள்ள வெளியிலும் பரவி நிற்கும். அவற்றை ஈரமண்ணில் இட்டால் அலையின் ஆற்றல் மண்ணிலேயே செலவாகிவிடும். ஓரச்சு வடத்திலோ மின்புலம் முழுவதும் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையில் அடைபட்டுக் கிடக்கிறது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் இயல்பினது. ஆதலின் அது பின்னலின் உட்புறத்தில் மட்டும் ஓடுகிறது. வெளியே இருப்பது காற்றா மண்ணா என்பதை உள்ளே செல்லும் அலை அறியாது. பின்னலின் வெளிப்புறத்தில் தொற்றிக்கொண்டு வரும் வேண்டாத இரைச்சல் மின்னோட்டத்தை மண் ஓரளவு உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. வடத்தைப் புதைப்பதால் கிடைக்கும் கூடுதல் நன்மை இது.

குட்டா பெர்ச்சா தந்த பாடம்

அப்படியாயின் புதைத்த வடம் கெடுவது எதனால்? தண்ணீரால். இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பங்குண்டு.

கம்பிக்கு நீர்புகாத காப்பு எதுவும் கிடைக்காமல் தொடக்ககாலத் தந்திப் பொறியாளர்கள் இடர்ப்பட்டனர். அந்நாளில் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி, மலாய் மக்கள் ஒருவகை மரப்பாலால் பாராங்கத்திக்குக் கைப்பிடி செய்வதைக் கண்டார். கெத்தா என்றால் மலாய் மொழியில் மரப்பால். தாபான் மரத்திலிருந்து வடியும் அப்பாலை மேலைநாட்டார் குட்டா பெர்ச்சா என்றனர். வெந்நீரில் இட்டால் மெழுகுபோல் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீரை ஏற்காது, மின்சாரத்தையும் கடத்தாது. 1843ஆம் ஆண்டில் அவர் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார்.

1847இல் ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ், இம்மரப்பாலைக் கம்பியின்மீது இடைவெளியின்றி அழுத்திப் பூசும் பொறியை அமைத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிரஷ்ய நாட்டில் நெடுந்தொலைவுக்குத் தந்திக் கம்பிகள் புதைக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவை பழுதாயின. செலவைக் குறைக்கும் பொருட்டுப் போதிய ஆழமின்றி, வெளிக்கவசமும் இன்றிப் புதைத்தனர், எலிகள் கடித்தன, மரப்பாலில் கலந்த கந்தகம் செம்பை அரித்தது. பழுது எங்கே என்று தோண்டித் தோண்டித் தேட வேண்டியதாயிற்று. முடிவில் அவற்றைக் கைவிட்டு மீண்டும் உயரக் கம்பிகளையே நாடினர்.

அதே மரப்பால் கடலடியில் வெற்றி பெற்றது. காற்றும் வெயிலும் பட்டால் வெடித்து நொறுங்கும் குட்டா பெர்ச்சா, தண்ணீருக்குள் நெடுங்காலம் கெடாது. 1851இல் ஆங்கிலக் கால்வாயிலும், 1866இல் அட்லாண்டிக் கடலிலும் அதுவே கம்பிகளைக் காத்தது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இடப்பட்ட கடல்வடத்திலும் அம்மரப்பாலே காப்பாக இருந்தது. தமிழகத்துக்கும் இந்நாட்டுக்கும் இடையே கப்பல் சுமந்த செய்தி கம்பி வழியே பாயத் தொடங்கியது அப்போதுதான்.

1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன் பின்னர் குட்டா பெர்ச்சாவின் இடத்தைப் பிடித்தது. 1956இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் தொலைபேசி வடம் பாலித்தீன் காப்புடைய ஓரச்சு வடமே. 1988 முதல் நெடுந்தொலைவுக் கடல்வடங்கள் கண்ணாடியிழைக்கு மாறத் தொடங்கின. வானொலியாளரின் தோட்டத்தில் மட்டும் ஓரச்சு வடத்தின் ஆட்சி தொடர்கிறது.

தண்ணீர் புகும் வழிகள்

கடைகளில் கிடைக்கும் வடங்களில் பலவற்றிற்கு மேற்றோல் பிவிசி. பாலித்தீனைவிட இதன் ஊடே ஈரம் எளிதிற் கசியும். மேலும், மலிவான பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள், காலப்போக்கில் உள்ளே ஊறி மின்காப்பையும் கெடுக்கும். ஆதலின், நேரே மண்ணில் இடுவதற்கென்றே செய்யப்பட்ட, பாலித்தீன் மேற்றோல் உடைய வடத்தைத் தேர்வது இன்றியமையாதது. சிலவற்றில் மேற்றோலுக்கும் பின்னலுக்கும் இடையே பிசின்போன்ற ஒரு பொருள் நிரப்பப்பட்டிருக்கும். கல் பட்டு மேற்றோல் கீறினாலும் அது தண்ணீரைப் பரவவிடாது.

எனினும் தண்ணீர் பெரும்பாலும் புகுவது மண்ணின் வழியாக அன்று. வடத்தின் இரு முனைகளின் வழியாகவே. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செம்புப் பின்னல் மழைநீரை உறிஞ்சி உள்ளே வெகுதூரம் கொண்டு செல்லும். வான்கம்பியோடு வடம் சேரும் இணைப்பியைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் நாடாவையும் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் வடத்தை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், அதன்மேல் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மண்ணுக்குள் இணைப்பு எதுவும் இருத்தல் ஆகாது. ஒரே துண்டாக வடம் செல்லட்டும்.

பள்ளமும் குழாயும்

மண்வெட்டி ஒரே வெட்டில் எட்டாத ஆழம் வேண்டும். 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை தோண்டுதல் நன்று. பள்ளத்தின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் வடத்தை இட்டு, மீண்டும் மணலால் மூட வேண்டும். கூரிய கற்களிலிருந்து மணல் காக்கும். பாதி மூடிய நிலையில் வண்ண நாடா ஒன்றை இட்டுவைத்தால், பின்னாளில் தோண்டுவோருக்கு அது எச்சரிக்கையாகும். வடத்தை மடித்தல் கூடாது. விரல் பருமனுள்ள ஆர்ஜி-213 வகைக்கு வளைவின் ஆரம் குறைந்தது 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும். மின்வாரியக் கம்பி செல்லும் பள்ளத்தில் இதனைச் சேர்த்திடுதல் ஆகாது.

கறையான் மிகுந்த இடங்களில் பிவிசி குழாய்க்குள் வடத்தைச் செலுத்துவது சிறந்தது. ஆனால், குழாய் தண்ணீரைத் தடுக்கும் என்று எண்ணுவது பிழை. ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் குழாய்க்குள்ளேயே ஆவி குளிர்ந்து நீராகும். மூடிய குழாயும் நாளடைவில் நிரம்பும். ஆதலின் குழாயைச் சற்றுச் சரிவாக இட்டு, தாழ்ந்த இடத்தில் துளையிட்டு, அதன் கீழே கூழாங்கல் நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் போட்டுவைத்தால், பழைய வடத்தை நீக்கிப் புதியதை இழுக்க மீண்டும் தோண்ட வேண்டியிராது.

பொய் சொல்லும் கருவி

வடம் நல்ல நிலையில் இருந்தாலும் ஓரளவு ஆற்றல் வழியிலேயே வெப்பமாகும். அதிர்வெண் கூடக்கூட இவ்விழப்பும் கூடும். 30 மீட்டர் நீளமுள்ள ஆர்ஜி-213 வடத்தில் 7 மெகாஹெர்ட்சில் 100 வாட்டுக்கு ஏறத்தாழ 10 வாட்டே இழப்பாகும். 144 மெகாஹெர்ட்சிலோ ஏறத்தாழப் பாதி போய்விடும். மெல்லிய ஆர்ஜி-58 வடமாயின் மறுமுனையை அடைவது கால் பங்கை ஒட்டியே இருக்கும். தண்ணீர் புகுந்தால் இழப்பு இதனினும் பன்மடங்காகும்.

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். வான்கம்பியிலிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை; எண் கூடினால் குறை உண்டு. ஒரு வடத்தில் செல்லும் ஆற்றலில் கால் பங்குதான் மறுமுனையை அடைகிறது என்று கொள்வோம். வான்கம்பி முற்றிலும் அறுந்து விழுந்துவிட்டது. 100 வாட்டு அனுப்பினால் 25 வாட்டு முனையை அடைந்து, போக வழியின்றி அவ்வளவும் திரும்பும். திரும்பும் வழியிலும் கால் பங்கே மிஞ்சும். கருவிக்கு வருவது 6 வாட்டுக்குச் சற்று மேல். மீட்டர் காட்டும் எண் 1.7. வான்கம்பியே இல்லாத நிலையத்தை நல்ல நிலையம் என்று மீட்டர் சான்று கூறுகிறது! அதே நிலையில், இழப்புக் குறைந்த நல்ல வடமாயின் மீட்டர் 9 என்று கூவி எச்சரிக்கும்.

எனவே, ஒன்றும் பழுது பார்க்காமலே மீட்டரின் எண் ஆண்டுக்காண்டு குறைந்து நன்றாகி வந்தால், அது மகிழ்ச்சிக்குரியதன்று, ஐயத்திற்குரியது. புதைப்பதற்கு முன்பே வடத்தின் மறுமுனையைத் திறந்துவைத்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு முறை வான்கம்பியைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த ஆற்றலில் அதே சோதனையைச் செய்ய வேண்டும். எண் முன்னிலும் தாழ்ந்தால் வடம் நனைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

மின்னலுக்கு மண் அரணாகுமா?

சிங்கப்பூரில் ஆண்டில் 150க்கும் மேற்பட்ட நாள்களில் இடியோசை கேட்கிறது; மலேசியத் தீபகற்பத்தின் மேலைக்கரையும் அத்தகையதே. வடத்தைப் புதைத்துவிட்டதால் மின்னல் அச்சம் நீங்கிவிட்டது என்று சிலர் கருதுகின்றனர். வடம் மண்ணில் இருந்தாலும் வான்கம்பி வானத்தில்தான் இருக்கிறது. அதில் இறங்கும் மின்னல் பின்னலின் வழியே வீட்டுக்குள் நுழையும். அருகே தரையில் விழும் மின்னலும் மண் வழியாக வடத்தைத் தாக்கும். கம்பத்தின் அடியிலும், வடம் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் பின்னலைப் புவியிணைப்புச் செய்ய வேண்டும். நுழைவிடத்தில் மின்னல் தடுப்பியும் வேண்டும். இப்புவிக்கம்பிகளை வீட்டு மின்சாரத்தின் புவிக்கம்பியோடு தடித்த செம்புக்கம்பியால் இணைத்தல் கட்டாயம். இரண்டும் தனித்தனியே நின்றால், மின்னல் விழும்போது அவற்றிடையே எழும் மின்னழுத்தம் கருவியையும், அதைத் தொட்டுக்கொண்டிருப்பவரையும் வழியாகக் கொள்ளும். இவ்வேலை தகுதி பெற்ற மின்பணியாளர் துணையோடு செய்தற்குரியது. இடி கேட்கும்போது வடத்தைக் கருவியிலிருந்து கழற்றி விலக்கி வைப்பதும், அப்போது அதைத் தொடாதிருப்பதும் எல்லாவற்றினும் மேலான காப்பு. முழக்கம் கேட்ட பின் கழற்றப்போவதைவிட, வானம் இருளும் முன்பே கழற்றிவிடுதல் அறிவுடைமை.

பிரஷ்யப் பொறியாளர்கள் பெரும்பொருள் செலவிட்டுக் கற்ற பாடத்தைத் தோட்டத்து வானொலியாளர் செலவின்றிக் கற்கலாம். மண் வடத்தை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்கும், தண்ணீரிலிருந்து காக்காது. பள்ளத்தை மூடும் முன் செய்யும் வேலையும், மூடியபின் தவறாது எடுக்கும் அளவுமே அதைக் காப்பன. ஊரெங்கும் வெள்ளம் சூழ்ந்து தொலைபேசி வாய்மூடும் இரவில், அவ்வளவைக் குறித்துவைத்த சிறு ஏட்டின் மதிப்பு விளங்கும்.