பழனியில் ஏறினால் கடல்

கடலோரப் பயணம் என்று பேச்செடுத்தால் பழனி பக்கத்து நெய்க்காரப்பட்டிப் பிள்ளைகளும் கோவா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கடலை ஒட்டியே ஊர் ஊராகப் போக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் பழனி வழியாகத்தான் போகிறது. காலையில் ஏறினால் திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி தாண்டிப் பிற்பகலில் திருச்செந்தூர். அங்கிருந்து கன்னியாகுமரி சுமார் 90 கிலோமீட்டர். ஒரே பேருந்தில் முடித்துவிடக்கூடிய இந்தத் தூரத்தை நான்கைந்து நாளுக்கு நீட்டிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மணலிலேயே முழுதும் நடந்து போய்விட முடியாது. மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம் குறுக்கே வரும். கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உண்டு. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த நிலத்துக்குள்ளும் நுழைய முடியாது. அதனால் காலையில் கொஞ்ச தூரம் கரையோரம் நடப்பது, வெயில் ஏறியதும் சாலைக்கு வந்து பேருந்து பிடிப்பது என்று வைத்துக்கொள்வதே சரி.

திருச்செந்தூரில் ஓர் இரவு. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அடுத்தது குலசை என்கிற குலசேகரப்பட்டினம். நவராத்திரிச் சமயம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். திருவிழா பார்ப்பது நோக்கமில்லை என்றால் அந்த வாரம் வேண்டாம். குலசைக்குச் சற்று உள்ளே உடன்குடி. நெய்க்காரப்பட்டி மாதிரி வெல்ல மண்டி உள்ள ஊரிலிருந்து போகிறவர்கள் இங்கே ஒரு அரைநாளாவது நிற்க வேண்டும். நம் பக்கம் கரும்புச் சாறு காய்ச்சும் கொப்பரையில் இங்கே பதநீர் காய்கிறது. சுற்றிலும் சிவந்த தேரி மணல், அதில் பனங்காடு. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோடையில் போனால் பதநீரே குடிக்கலாம்.

என்னைக் கேட்டால் இந்த வழியில் மிக அழகான ஊர் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. 1542-இல் இந்தியா வந்த சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரையில்தான் ஊர் ஊராக நடந்தார். அடுத்து உவரி: அந்தோணியார் கோயில், கப்பல் மாதா கோயில், கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில். ‘ஆழி சூழ் உலகு’ எழுதிய ஜோ டி குரூஸின் ஊர் இது. அந்த நாவலைப் படித்துவிட்டுப் போனால் கரையில் காண்பதெல்லாம் வேறு மாதிரி புரியும்.

இந்த ஊர்களில் கடற்கரை என்பது தொழில் செய்யும் இடம். காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது. படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். மடிவலை இறங்குவதையும் மீன் ஏலத்தையும் பார்க்க வார நாள்தான் சரி.

இனி, நம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. சண்முகநதியிலும் அமராவதியிலும் நீச்சல் பழகியவர்கள் அலை அடிக்காத இடத்தைப் பார்த்து இறங்குவார்கள். கடலில் அதுதான் ஆபத்து. அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது ஆழமான ஒரு குறுகிய தடத்தில் ஒன்றுசேர்ந்து கடலை நோக்கி வேகமாக ஓடும். ஆழம் அதிகம் என்பதால் அந்த இடத்தில் அலை உடையாது; பார்க்க அமைதியாக இருக்கும். இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, எவ்வளவு பலசாலியானாலும் களைத்துவிடுவார். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்தத் தடத்தை விட்டு வெளியே வரலாம்.

கள்ளக்கடல் இன்னொன்று. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே வீசும் புயலில் எழும் பேரலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கடல் மட்டும் ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அப்போது எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. காலையில் அதைப் பாருங்கள். அதோடு கரையில் நிற்கும் மீனவரிடம் “அண்ணாச்சி, இன்னைக்கு இறங்கலாமா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் காற்று மணலை வாரி இறைக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம், தைப்பூச வாரத்தில் மட்டும் பழனி ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. பையில் இரண்டு செட் பருத்தித் துணி, துண்டு, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். ஜீன்ஸ் உப்புக்காற்றில் காயவே காயாது. மணப்பாட்டில் தங்கும் வசதி குறைவு என்பதால் இரவுக்குத் திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி என்று திட்டமிடுங்கள். திரும்பும்போது கன்னியாகுமரியிலோ நாகர்கோவிலிலோ ரயில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினால் பழனிக்குப் பேருந்து கிடைக்கும்.