"என்ன இது, நாயா கன்னுக்குட்டியா?"

வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கிற சகோதரிகளுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. கேட்டைத் திறந்து உள்ளே வருகிறவர்கள், நம்மை "சௌக்கியமா?" என்று கேட்பதற்கு முன்பே, காலடியில் வாலாட்டிக் கொண்டு நிற்கிற ஜீவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி விடுவார்கள். "என்ன இது, நாயா கன்னுக்குட்டியா?" "சோத்துப் பானையை அதுகிட்டயே கொடுத்துட்டீங்களா?" "ரேஷன் கார்டுல பேரைச் சேர்த்துடுங்க!" சொல்கிறவர்களுக்குத் தமாஷ். கேட்கிற நமக்குத்தான் முகம் சுருங்கிப் போகிறது. பதில் சொன்னால் "ஒரு நாய்க்காக இவ்வளவு ரோஷமா?" என்பார்கள். சொல்லாவிட்டால் அடுத்த தடவை இன்னும் இரண்டு வார்த்தை கூடும்.

எங்கள் வீட்டு லட்டு, லாப்ரடார் ஜாதி. பெண். வயது ஒன்பது நடக்கிறது. திருச்சி தில்லை நகரில் எங்கள் தெருவில் அவளைத் தெரியாதவர் கிடையாது. குட்டியாக வந்தபோது உருண்டையாக இருந்ததால் என் மகள் வைத்த பெயர் அது. "பேருக்கேத்த மாதிரியே இருக்கே!" என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒரு ரூபாய் உண்டியலில் போட்டிருந்தால், இந்நேரம் ஒரு கிராம் தங்கமாவது வாங்கியிருக்கலாம்.

லட்டுவுக்கு ஏழு வயதானபோது, சாப்பாட்டு அளவு அதேதான், ஆனால் உடம்பு மட்டும் ஏறிக் கொண்டே போயிற்று. பந்தை எறிந்தால் எழுந்து போக மாட்டாள். எல்லோரும் நிழலைத் தேடுகிற ஊரில் அவள் வெயில் விழுகிற படிக்கட்டைத் தேடிப் போய்ப் படுப்பாள். வால் பக்கம் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகிவிட்டது. கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு சுரப்பு குறைவு என்றார். அன்று எடை 38 கிலோ. பெண் லாப்ரடார் 25 முதல் 32 கிலோவுக்குள் இருந்தால் நல்லதாம். காலையும் மாலையும் மாத்திரை, அளந்து போட்ட சாப்பாடு, மெதுவான நடை என்று ஆரம்பித்தோம்.

இதையெல்லாம் தெருவில் போகிறவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வழியில் நிற்கிறவருக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்துக் காட்ட நாம் கடமைப்பட்டவர்கள் இல்லை.

ஆனால் எல்லாப் பேச்சையும் ஒரே தராசில் போடக் கூடாது. நம் ஊரில் உடம்பைப் பற்றிப் பேசுவதே ஒரு வகை நலம் விசாரிப்புதானே? "என்னடி இப்படி இளைச்சுட்டே" என்றால் பிரியம். "கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்றாலும் பிரியம்தான், பல சமயம். அதே பழக்கத்தில் நாயையும் சொல்லி விடுகிறார்கள். எதிர் வீட்டுப் பாட்டி, "பாவம், மூச்சு வாங்குதே, ஏம்மா?" என்று கேட்டால் அதில் அக்கறை இருக்கிறது. அவரிடம் உட்கார்ந்து விவரமாகவே சொல்வேன். பூங்காவில் ஒரு பெரியவர் லட்டுவை உற்றுப் பார்த்து, "எத்தனை மாசம்மா?" என்றார், பிரசவத்துக்கு! "அவளுக்குப் பாட்டி வயசு சார்" என்றேன். அவரே சிரித்து விட்டார். என் சிநேகிதி ஒருத்தி, "உன்னைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கா" என்றாள். "ஆமாம்டி, ரெண்டு பேரும் நடக்கத்தான் கிளம்பறோம், நீயும் வர்றியா?" என்றேன். அவள் வரவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சும் வரவில்லை.

பெரியவர்களிடம் சுடச்சுடப் பதில் சொல்ல நம்மால் முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே எனக்குக் கை கொடுத்தது ஒரு எண். "ஆமாங்க, தைராய்டு. மாத்திரை கொடுக்கிறோம். நாலு மாசத்துல மூணு கிலோ குறைஞ்சிருக்கு." அவ்வளவுதான். வியாதியின் பெயரும் குறைந்த கிலோவும் சேர்ந்து வந்தால், கிண்டல் செய்ய வந்தவர்கள் கூட "அப்படியா! நாய்க்கும் தைராய்டு வருமா?" என்று பேச்சைத் திருப்பி விடுகிறார்கள். நாய்க்குக் குறைவாகச் சுரப்பதுதான் அதிகம். வயதான பூனைக்கு நேர்மாறாக, அதிகமாகச் சுரந்து உடம்பு இளைக்கும்.

இலவச வைத்தியம் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களிடம் மட்டும் நான் கண்டிப்பு. "என் தைராய்டு மாத்திரையில பாதி கொடேன்" என்றார் ஒருவர். மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் நாய்க்கான அளவு வேறு, அதை டாக்டர்தான் ரத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும். கொழுத்த பூனை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "ரெண்டு நாள் பட்டினி போடு, சரியாயிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அதன் எடையை டாக்டர் மேற்பார்வையில், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். தோல் அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற நாய்க்குப் பசி அகோரமாக எடுக்கும், உடம்பு ஊதும். அதைப் பார்த்து யாராவது சொன்னார்கள் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அதுவும் ஆபத்துதான். இந்த மாதிரி யோசனை வரும்போது, "டாக்டரைக் கேட்காம எதுவும் செய்யறதில்லைங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்து விடுவேன்.

இதையெல்லாம் சிரித்துச் சமாளித்து விடலாம். சிரிக்க முடியாத ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது.

போன தீபாவளிக்கு மறுநாள் இவருடைய சித்தி குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கூடம் நிறையக் கூட்டம். என் மகளுக்குப் பதினோரு வயது. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். லட்டுவின் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொண்டிருந்தாள். சித்தி இருவரையும் பார்த்து, "நாயும் பொண்ணும் ஒரே அச்சு! ரெண்டுக்கும் ஒரே தட்டுலதான் போடறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

அன்று இரவு இரண்டு இட்லியோடு எழுந்து விட்டாள். வழக்கமாக நாலு. பள்ளிக்கூடம் திறந்ததும் டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வந்தது. மூன்றாவது நாள் படுக்கப் போகும்போது கேட்டாள்: "அம்மா, லட்டுவுக்கு ரத்தம் எடுத்தாங்களே, அந்த மாதிரி எனக்கும் எடுத்துப் பார்க்கலாமா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லட்டுவுக்கு என்ன சொன்னாலும் காதில் ஏறாது. பிஸ்கட் இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குத்தான் அந்த வார்த்தை போய்ச் சேருகிறது. பெரிய மனுஷியாகிற வயதை ஒட்டிப் பெண் குழந்தைகளுக்கு உடம்பு கொஞ்சம் சதை போடுவது இயற்கை. வளர்த்தி வரும் முன் உடம்பு சேர்த்து வைக்கிற சேமிப்பு அது. இதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

மறுநாள் சித்திக்குப் போன் செய்தேன். கோபமாகப் பேசவில்லை. "சித்தி, லட்டுவை நீங்க என்ன வேணாலும் சொல்லிக்குங்க, அவளுக்குப் புரியாது. பாப்பாவோட சேர்த்து மட்டும் சொல்லாதீங்க. மூணு நாளா சரியாச் சாப்பிடலை" என்றேன். "தமாஷுக்குச் சொன்னேன். இதுக்கெல்லாமா போன் போடுவாங்க?" என்று வைத்து விட்டார்கள். இவருக்கும் உள்ளூரச் சங்கடம், "பெரியவங்களைப் போய்..." என்று இழுத்தார். நான் எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. என் மாமியார், "அவ சொன்னதுல என்னடா தப்பு?" என்றார்கள். சித்தி பொங்கல் வரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது லட்டுவையும் ஒன்றும் சொல்லவில்லை, மகளையும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சில் பழைய கலகலப்பு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பரவாயில்லை. இட்லி நாலாகத் திரும்ப ஒரு வாரம் பிடித்தது.

கேலிக்குப் பதில் சொல்வது வேறு, எடையைக் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. இதில் நமக்குள்ளே ஒளிவு மறைவு வேண்டாம். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகமாக வாழ்ந்தன. மூட்டு வலியும் தள்ளித்தான் வந்தது. 2002-ல் அந்த முடிவு வெளியானது. இன்னொரு பக்கம், லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது, சாப்பிட்டாலும் பசி அடங்காது என்று கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். வளர்க்கிறவளின் அசட்டை என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுகிறவர்கள் இதையும் தெரிந்து கொள்ள வேண்டும். கருத்தடை ஆபரேஷன் ஆன நாய், பூனைகளுக்குத் தேவைப்படும் சக்தி குறைந்து பசி கூடுவதும் சகஜம். அதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்று நினைக்காதீர்கள், சாப்பாட்டைக் குறைத்தால் போதும்.

உங்கள் நாய் உண்மையிலேயே குண்டா என்று பார்க்கக் கையே போதும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, மேல்புறத்தில் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவது போல் மெத்தென்று இருந்தால் கூடுதல். கையை மூடினால் புடைக்கிற முட்டி மாதிரி துருத்தினால் குறைவு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்க வேண்டும். இதிலும் ஜாதிக்கு ஜாதி வித்தியாசம் உண்டு. டாக்டரிடம் காத்திருந்தபோது சிப்பிப்பாறை நாயோடு ஒருவர் வந்திருந்தார். வேட்டை நாய், ஒல்லிதான் அதற்கு அழகு. அவரிடம் நாலு பேர், "சோறே போடறதில்லையா சார்?" என்று கேட்டு விட்டார்களாம். என்னையும் லட்டுவையும் பார்த்து, "உங்களுக்கு அப்படி, எனக்கு இப்படி" என்றார்.

வீட்டுக்கு வருகிறவர்களின் வாயைக் கூடச் சமாளித்து விடலாம், கையைச் சமாளிப்பதுதான் கஷ்டம். "பாவம், ஒரு பிஸ்கட்" என்பார்கள். மூன்று கிலோ பாமரேனியனுக்கு நாள் முழுவதற்கும் தேவை 200, 250 கலோரி. இரண்டு மாரி பிஸ்கட்டிலேயே சுமார் 50 போய் விடுகிறது. குண்டென்று கேலி செய்கிறவரே முறுக்கையும் நீட்டுவதுதான் வேடிக்கை! என் மாமனார் அப்படித்தான். நான் தடுக்கவில்லை. வெள்ளரி, காரட் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர் நாற்காலி பக்கத்தில் வைத்து விட்டேன். அவருக்குக் கொடுத்த திருப்தி, லட்டுவுக்குத் தின்ற திருப்தி. மீந்து போன சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் விஷம். திராட்சையும் அப்படியே, காய்ந்ததும் சேர்த்து.

எடை வாரத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு குறைந்தால் போதும் என்றார் எங்கள் டாக்டர். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நிறுத்து, காலண்டரில் குறித்து வருகிறோம். சின்ன நாய், பூனை என்றால் அதைத் தூக்கிக் கொண்டு வீட்டு எடை மிஷினில் ஏறி, நம் எடையைக் கழித்து விடலாம். லட்டு இப்போது 33.

ஒரே ஒரு பேச்சை மட்டும், யார் எந்தத் தொனியில் சொன்னாலும் அலட்சியம் செய்யாதீர்கள். "திடீர்னு வயிறு பெருத்திருக்கே?" என்பது அது. உடம்பு முழுக்கச் சதை வைப்பது மாதக் கணக்கில் நடக்கும். வயிறு மட்டும் சில நாளில் பெருத்தால் அது கொழுப்பு இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் வயிறு உப்பி, தண்ணீர் நிறையக் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கினால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். பெரிய ஜாதி நாய்க்கு ஒரே மணி நேரத்தில் வயிறு பானை போல் உப்பி, வாந்தி வராமல் குமட்டிக் கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக் கொண்டிருக்கலாம். முன்னதற்கு அன்றைக்கே போய் விடுங்கள். பின்னதற்கு ஆட்டோவைக் கூப்பிட்டுக் கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.